தடவினால் மறைகிறது, விட்டால் திரும்புகிறது: தோல் மடிப்பில் வரும் பூஞ்சைத் தொற்று

கேள்வி: எனக்கு 48 வயது. கடலோர ஊர் ஒன்றில் கணவரோடு சேர்ந்து டிபன் கடை நடத்துகிறேன். விடியற்காலை 4 மணி முதல் 11 மணி வரை அடுப்படியில்தான் நிற்பேன். 6 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன சித்திரையில் இரண்டு மார்பின் அடியிலும் செக்கச்செவேலென்று சிவந்து அரித்தது. பிறகு அடிவயிற்று மடிப்பிலும் தொடையிடுக்கிலும் வந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ஆனால் நிறுத்திய பத்தாம் நாள் திரும்பி வந்தது. இப்படியே ஆறேழு ட்யூப் தீர்ந்துவிட்டது. இப்போது எரிச்சலும் வாடையும் இருக்கின்றன. தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாகத் தெரிகிறது. மூன்று மாதத்துக்கு முன்பு சர்க்கரைக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பிறப்புறுப்பிலும் அரிப்பு. தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன், கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுகிறேன், பவுடரும் போடுகிறேன். இது சுத்தக் குறைவால் வருகிற நோயா? கணவருக்கும் ஒட்டுமா? டாக்டரிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை ஓராண்டாக டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. இது சுத்தக் குறைவால் வந்த நோய் அன்று. நாளுக்கு இரண்டு வேளை குளித்து, கிருமிநாசினியும் ஊற்றிக் கழுவுகிற ஒருவருக்குச் சுத்தம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், உங்கள் விஷயத்தில் கழுவுவது கூடுதலாகவும் துவட்டுவது குறைவாகவும் இருக்கிறது என்றே கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கூச்சத்தைப் பொறுத்தவரை, தோல் மருத்துவரின் அறைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் மார்பின் அடியையோ தொடையிடுக்கையோ காட்டத்தான் வருகிறார்கள். வெயில் காலத்தில் இது எங்களுக்கு அன்றாட வேலை. பெண் மருத்துவரிடம் காட்ட விரும்பினால் அப்படிக் கேட்டுப் போவதில் தவறேதும் இல்லை.

நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், மடிப்புகளில் உராய்வாலும் ஈரத்தாலும் தோல் புண்ணாகி, அதன்மேல் காண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியேறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்த அந்நியன் அன்று. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும், ஒரு தொந்தரவும் செய்யாமல் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பதுதான். காய்ந்த தோலில் அது பிழைப்பது கடினம். ஆனால் தோலோடு தோல் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் வேர்வை ஆவியாகப் போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய ஈரத்தில் ஊறிய மேல்தோல், நெடுநேரம் தண்ணீரில் வைத்த விரல் போல வெளுத்து மெத்தென்று ஆகிவிடுகிறது. நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் அந்த மெத்தென்ற தோல் எதிர்த் தோலோடு உரசிக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பூஞ்சை இறங்கிப் பெருகுகிறது. மாவு ஆட்டி வைக்கிற உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மார்கழிக் குளிரில் புளிக்க அடம்பிடிக்கிற அதே மாவு சித்திரையில் பாத்திரத்தை மீறிப் பொங்குகிறதல்லவா? கிருமி அதேதான், கிடைத்த சூடுதான் வேறு.

ஆகவே மடிப்புத் தொற்றில் கிருமி பாதி, இடம் பாதி. க்ரீம் கிருமியைத்தான் கொல்லும், இடத்தை மாற்றாது. ஆறேழு ட்யூப் தீர்ந்தும் நோய் தீராததற்கு ஒரு காரணம் இதுவே. இன்னொரு காரணம் அந்த ட்யூபிலேயே இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டே நாளில் அரிப்பு நின்றது, நிறுத்தினால் பத்து நாளில் திரும்பியது, தோல் மெலிந்து கோடுகள் விழுந்தன என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அது பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவுக்கான மருந்து, வீரியமான ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்த க்ரீமாக இருக்க வேண்டும். ட்யூபின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் க்ளோபீட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குவதால் சிவப்பும் அரிப்பும் மளமளவென்று அடங்கும். நோய் போய்விட்டது என்று நாம் நம்புவோம். ஆனால் அதே ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் நிதானமாக வளர்ந்துகொண்டிருக்கும். நிறுத்தினவுடன் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். மடிப்புத் தோல் இயல்பிலேயே மெல்லியது, மூடியும் கிடப்பது. அங்கே தடவுகிற ஸ்டீராய்டு கை கால்களில் தடவுவதைவிடப் பல மடங்கு உள்ளே இறங்குகிறது. நீங்கள் பார்க்கிற கோடுகள், தோலின் உள் நார்கள் அறுந்ததால் விழுந்த தழும்புகள். சிவப்பு நாளடைவில் மங்கி வெள்ளையாகும். முழுவதும் மறையும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. புதிய கோடுகள் விழாமல் தடுக்க மட்டும் உறுதியாக முடியும், அந்த ட்யூபை இன்றே ஒதுக்கி வைத்தால்.

இந்தக் கலவை க்ரீம்களைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்ப்பார்கள். நான்கு வண்ணங்களில் நான்கு நிறுவனத்து ட்யூபுகள் விழும், சில நடுவில் பிதுக்கப்பட்டு, சில அடியிலிருந்து பாய் போலச் சுருட்டப்பட்டு. பெயர்கள்தான் வெவ்வேறு, நான்கிலும் உள்ளே இருப்பது ஒரே ஸ்டீராய்டு. மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஒருமுறைகூட மருந்தை மாற்றவே இல்லை.

நிறுத்தினால் முதல் ஓரிரு வாரம் எரிச்சலும் சிவப்பும் கூடும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதைக் கண்டு பயந்து மறுபடியும் அதே க்ரீமைத் தொட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இத்தனை மாதம், இத்தனை இடத்தில் வீரியமான ஸ்டீராய்டைப் பூசியிருப்பதால், நிறுத்துகிற வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நிறுத்தியபின் கடுமையான அசதியோ மயக்கமோ வாந்தியோ வந்தால் தாமதிக்காமல் போங்கள், ஸ்டீராய்டு பூசிய விவரத்தையும் அங்கே சொல்லுங்கள். அபூர்வமாக, தோல் வழியே உள்ளே போன ஸ்டீராய்டு உடல் தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைத்துவிடுவதுண்டு.

இனி, கடிதத்தை வைத்து ஏன் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது. மடிப்பில் சிவந்து அரிப்பதெல்லாம் காண்டிடா ஆகிவிடாது. காண்டிடாவாக இருந்தால் மடிப்பின் ஆழத்தில் பச்சை மாமிசம் போலச் சிவந்து பளபளக்கும், சில நேரம் தயிர் போல வெள்ளையாகப் படிந்திருக்கும், நடு மடிப்பில் வெடிப்பு ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய சிவப்புத் திட்டின் எல்லைக்கு வெளியே கடுகளவு சிவப்புப் புள்ளிகளும் சீழ்க் கொப்புளங்களும் சிதறிக் கிடக்கும். பெருந்தீவைச் சுற்றிய குட்டித் தீவுகள் போன்ற அந்தப் புள்ளிகளைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். படர்தாமரை வேறு. அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு குலம்; ஓரம் மட்டும் மேடிட்டுச் செதிலாகி வளையமாகப் பரவும், நடுப்பகுதி ஆறியது போலத் தெரியும். உங்களைப் போல மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர்களிடம் அந்த வளையமே கலைந்துபோய் அடையாளம் தெரியாமல் ஆகிவிடும் என்பதுதான் சங்கடம். இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் படர்தாமரை பிடிவாதமான நோயாக மாறியிருக்கிறது. வழக்கமான மருந்தாகிய டெர்பினஃபினுக்கு அடங்காத கிருமி வகையும் பரவியுள்ளது. இவை போக, எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று அரிப்பில்லாத பழுப்புத் திட்டாக வரும். புற ஊதா விளக்கை அதன்மேல் பிடித்தால் பவள நிறத்தில் ஒளிரும். சொரியாசிஸும் மடிப்பில் வரலாம், செதில் இல்லாத வழவழப்பான சிவப்பாக. கிருமிநாசினியாலேயே தோல் வெந்துபோய்ச் சிவந்திருக்கவும் கூடும்.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. திட்டின் ஓரத்தைக் கூர்மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, உதிர்ந்த பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டுச் சற்று நேரம் பொறுத்தால் தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்நோக்கியில் பார்த்தால், காண்டிடாவாக இருக்கும்போது கேழ்வரகு போன்ற உருண்டைகள் தெரியும். சில உருண்டைகளின் பக்கத்தில் சின்ன மொட்டு ஒன்று முளைத்து, தாயைவிட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மொட்டுகள் நீண்டு நீண்டு, இடையிடையே இறுக்கிக் கட்டிய பூச்சரம் போல இழைகளாகவும் ஓடும். படர்தாமரையில் மொட்டு கிடையாது, கிளைவிட்ட நேரான இழைகள் மட்டும்தான். வலி இல்லாத இந்தச் சோதனைக்குக் கொஞ்ச நேரம் போதும். ஓராண்டு பூசி அலுத்த உங்களுக்கு இது கட்டாயம் செய்யப்பட வேண்டும்.

காண்டிடா என்று தெரிந்தால் சிகிச்சை ஒன்றும் கடினமானதில்லை. க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று, ஸ்டீராய்டு கலக்காததாக, காலை மாலை இரண்டு வேளை, 2 முதல் 4 வாரம். நிஸ்டாட்டினும் நன்றாகக் கேட்கும். 1950-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தறிவித்த மருந்து அது. அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஆனால் நிஸ்டாட்டின் காண்டிடாவைத்தான் கொல்லும், படர்தாமரையைத் தொடாது. முதலில் சொன்ன மூன்றும் இரண்டையுமே எதிர்க்கும் என்பதால், சோதனை முடிவு வரும்வரை டாக்டர்கள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் எழுதுவார்கள். மடிப்புக்கு க்ரீம் அல்லது லோஷன்தான் ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள ஆயின்ட்மென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அதே காரணத்துக்காகத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எலுமிச்சை, வினிகர், உப்பு ஆகியவை வெந்த புண்ணில் எரிச்சலைத்தான் கூட்டும்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை ட்யூபிலிருந்து ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய அரை கிராம் வரும். உங்கள் இரண்டு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, எவ்வளவு இடத்தை மறைக்குமோ அவ்வளவு இடத்துக்கு அது போதும். உங்களுக்கு இரு மார்பின் அடிக்கும் சேர்த்து ஒரு கோடு, அடிவயிற்று மடிப்புக்கு ஒன்று, தொடையிடுக்குகளுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம், நாளுக்கு 3 கிராம். 15 கிராம் ட்யூப் ஐந்தே நாளில் தீர வேண்டும். அதை ஒரு மாதத்துக்கு ஓட்டுகிறவர் மருந்து பூசவில்லை, மருந்தைக் காட்டுகிறார் என்றே சொல்வேன். அதே சமயம், வெள்ளையாக அப்பி வைப்பதாலும் பயனில்லை. மெல்லியதாகத் தேய்த்தால் தோலோடு மறைய வேண்டும். சிவப்பு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி இரண்டு விரற்கடை தூரம்வரை பூசுங்கள், அந்தக் குட்டித் தீவுகள் அங்கேதான் இருக்கின்றன. அரிப்பு நின்ற நாளில் நிறுத்திவிடக் கூடாது. தோல் பார்வைக்குச் சரியான பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

புண் கசிந்துகொண்டிருந்தால், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் ஒத்தடம் போல வைத்தெடுத்துவிட்டு, நன்றாக உலர்த்திய பிறகே க்ரீமைப் பூசுங்கள். பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலை டாக்டர் சொன்னால் மட்டும், வெளிர் ரோஜா நிறத்தில், துகள் முழுவதும் கரைந்த பிறகு பயன்படுத்துங்கள். கரையாத ஒரு துகள் போதும் தோலைச் சுட.

இடம் அதிகமாக இருந்தாலோ மேல்பூச்சுக்கு அடங்காவிட்டாலோ ஃப்ளூகோனசோல் மாத்திரை, பெரும்பாலும் வாரத்துக்கு 150 மில்லிகிராம் என்ற கணக்கில், சில வாரங்களுக்குத் தரப்படும். இதை நீங்களாக வாங்கி விழுங்கிவிடாதீர்கள். நீங்கள் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ஃப்ளூகோனசோல் அது உடலில் சிதைவதைத் தடுத்து, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அடுப்பருகே நிற்கிறவருக்கு அது விளையாட்டல்ல. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்தியது: மூன்று மாதத்துக்கு முன்பு சேர்த்த புதிய சர்க்கரை மாத்திரை. அதன் பெயர் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பது போல ‘ஃப்ளோசின்’ என்று முடிகிறதா என்று அட்டையைப் பாருங்கள். இந்த வகை மாத்திரைகள் ரத்தத்தில் கூடுதலாக உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கிற நல்ல மருந்துகள்தான். ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படுகிற இடத்தில் ஈஸ்ட் பெருகுவது இவற்றின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. உங்கள் பிறப்புறுப்பு அரிப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த அரிப்பைச் சொல்லுங்கள். தொற்றுக்குச் சிகிச்சை செய்துகொண்டே மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை சிறுநீர் கழித்தபின் வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றி உலர்த்திக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையையும் இந்தச் சமயத்தில் செய்துகொள்வது நல்லது. சர்க்கரை கட்டுக்குள் வராதவரை, எந்த க்ரீமும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

இனி இடத்தை மாற்றுகிற பாதி. என் அனுபவத்தில் மருந்தைவிட இதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. கிருமிநாசினியை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரும் காரமில்லாத சோப்பும் போதும். பீர்க்கங்காய் நாரோ கல்லோ வைத்துத் தேய்க்க வேண்டாம். குளித்ததும் தேய்த்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். நன்றாகத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணிக்கு இணையான துண்டு இதற்குக் கடையில் கிடையாது. அதை நாலாக மடித்து, மார்பைக் கையால் தூக்கிப் பிடித்து அடி மடிப்பில் ஒற்றி, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து எடுங்கள். துணியில் ஈரம் தெரியாத வரைக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, மடிப்புகள் விரிந்திருக்க, மின்விசிறிக் காற்று பத்து நிமிடம் படட்டும். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருக்க உங்களுக்கு யாரும் தர மாட்டார்கள், நீங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மருந்துச் சீட்டில் எழுத முடிந்தால் இதை முதல் வரியாக எழுதுவேன். முடி உலர்த்தும் கருவி வீட்டில் இருந்தால் சூடில்லாத காற்றில் வைத்தும் உலர்த்தலாம்.

அடுப்படியில் நிற்கிற ஏழு மணி நேரத்தில் ஒருமுறையாவது, கூட்டம் குறைகிற 9 மணி வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போய் வேர்வையை ஒற்றி, நனைந்த உள்ளாடையை மாற்றிவிட்டு வாருங்கள். இதற்கென்று ஒரு பையில் இரண்டு செட் உள்ளாடை கடையிலேயே இருக்கட்டும். மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணிப் பட்டை வைத்துக்கொள்வது தோலோடு தோல் உரசுவதைத் தடுக்கும். ஆனால் நனைந்த பட்டையை மாற்றாமல் விட்டால் அது ஈர ஒத்தடமாக மாறிவிடும், வைக்காமலிருப்பதே மேல். பிரா பருத்தியில், மார்பைத் தூக்கித் தாங்குகிற சரியான அளவில் இருக்க வேண்டும். தளர்ந்துபோன பிரா தாங்காது, இறுகிய பிரா அடிப்பட்டையால் அறுக்கும். இரவில் கழற்றிவிடுங்கள். வேலை நேரத்தில் சிந்தடிக் புடவைக்குப் பதிலாகப் பருத்திப் புடவையோ தளர்ந்த பருத்திச் சுடிதாரோ உடுத்துங்கள். பாவாடை நாடா அடிவயிற்று மடிப்பில் விழுந்து அறுக்காமல், அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடலோர ஊரில் துணி காய்வது பெரும்பாடுதான். அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையை உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டு உடுத்துவது நல்ல பழக்கம். தொற்று இருக்கிற காலத்தில் உங்கள் துண்டு தனியாக இருக்கட்டும்.

பவுடரைப் பற்றி. ஈரமான மடிப்பில் போட்ட முகப்பவுடர் உலர்த்துவதில்லை. வேர்வையோடு சேர்ந்து திரிந்து, உருண்டைகளாகி, மணல் போலத் தோலை அராவும். வாசனைப் பொருள் வேறு எரிச்சலைத் தரும். பவுடர் போட்டே ஆக வேண்டும் என்றால் பூஞ்சைக்கான மருந்துப் பவுடரை, தொற்று ஆறிய பிறகு, முற்றிலும் உலர்ந்த தோலில், கையில் தட்டிப் பிறகு லேசாகத் தடவுங்கள். உரசல் அதிகமுள்ள இடத்தில், தொற்று ஆறிய பிறகு, ஜிங்க் ஆக்சைடு கலந்த பூச்சு மெல்லிய அரணாக உதவும். மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு வெயில் காலத்தில் வாரத்தில் ஓரிரு நாள் பூஞ்சை க்ரீமைத் தடுப்பாகப் பூசச் சொல்வதும் உண்டு. அது உங்களுக்குத் தேவையா என்பதை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். எடையைக் குறைத்தால் மடிப்பின் ஆழம் குறையும் என்பது உண்மை. ஆனால் எடை குறைகிற வரைக்கும் நோய் ஆறாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது, பருமனானவர்களுக்கும் நன்றாக ஆறுகிறது.

கைகளையும் ஒருமுறை பாருங்கள். நாள் முழுதும் மாவிலும் பாத்திரத் தண்ணீரிலும் கை வைக்கிறவர்களுக்கு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் இதே பூஞ்சை வெள்ளையாக ஊறி நடுவில் சிவந்து நிற்கும், மோதிரத்தின் அடியில் ஈரம் தங்கினால் இன்னும் கூடும். நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தால் அதுவும் இதே குடும்பத்துத் தொந்தரவாக இருக்கலாம். பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறை உள்ளே, ரப்பர் கையுறை வெளியே என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு ஒட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மடிப்புக் காண்டிடா பெரும்பாலும் அவரவர் உடலில் இருப்பதே பெருகுவதால் வருவது. ஒரே வீட்டில் இருப்பதால் தொற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். அவருக்கும் ஆணுறுப்பின் முனையில் சிவப்போ அரிப்போ இருந்தால் மட்டும் அவரும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருடைய சர்க்கரையையும் சேர்த்து. ஆனால் சோதனையில் படர்தாமரை என்று வந்தால் கணக்கே மாறும். அது துண்டு, துணி, படுக்கை வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிற நோய். வீட்டில் அரிப்புள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்தால்தான் தீரும்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மடிப்பைத் தாண்டிச் சூடாகவும் வலியோடும் பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, தொடையிடுக்கிலோ பிறப்புறுப்பைச் சுற்றியோ வெளியே தெரிகிற புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலியும் வீக்கமும் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாக்டீரியா அந்த வெடிப்புகள் வழியே வேகமாக உள்ளே இறங்கக்கூடும். இப்போது நீங்கள் சொல்கிற வாடை, ஊறிய தோலில் பாக்டீரியாவும் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது. அது அவசரம் இல்லை என்றாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

கலவை க்ரீமை நிறுத்தி மூன்று நான்கு நாள் கழித்து, எரிச்சலைத் தாங்க முடிந்தால் வேறெந்த மருந்தும் பூசாத தோலோடு போங்கள். பூஞ்சை மருந்து பூசியிருந்தால் சுரண்டல் சோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். அன்று காலை குளித்துவிட்டுப் போகலாம், பவுடர் மட்டும் வேண்டாம். இதுவரை பூசிய ட்யூபுகள் தீர்ந்தவையாக இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள், சர்க்கரை மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மார்பின் அடியைக் காட்டிவிட்டு, கூச்சப்பட்டுத் தொடையிடுக்கைக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். கோடுகள் விழுந்திருப்பது அங்கேதான் என்பதால், டாக்டர் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.